முதியோர் பென்ஷனும் விலைவாசியும்: டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் ஓய்வு பெற்ற தபால்காரன். மன்னார்குடி பக்கம் நான்கு கிராமங்களுக்கு முதியோர் உதவித்தொகையை மணியார்டராகக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தவன். இப்போது எனக்கு மத்திய அரசின் பென்ஷன் வருகிறது. அது விலைவாசியைப் பார்த்து ஆண்டுக்கு இரண்டு முறை ஏறுகிறது. நான் பணம் கொடுத்த வீடுகளில் அப்படி ஏறுவதில்லை. அந்தத் தொகையும் விலைவாசிக்குத் தக்கபடி ஏற வேண்டும் என்று பேச்செடுத்தால் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

விலைவாசிக்குத் தக்கபடி ஏத்தணும்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன?

கையில் வாங்கும் தொகை அப்படியே இருந்தாலும், அதைக் கொண்டு வாங்கும் சாமான் வருஷத்துக்கு வருஷம் குறையும். போன வருஷம் 1,000 ரூபாய்க்கு வாங்கியதை இந்த வருஷம் வாங்க 1,050 வேண்டும் என்றால், தொகையை 1,050 ஆக்க வேண்டும். அவ்வளவுதான். இதில் யாருக்கும் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. போன வருஷம் வாங்கிய அதே அரிசி, அதே மாத்திரைதான் வாங்க முடியும். அப்படி ஏற்றாவிட்டால், சட்டசபையில் யாரும் அறிவிக்காமலே தொகை வெட்டப்படுகிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் மற்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

இப்ப யாரு எவ்வளவு குடுக்கிறாங்க? மத்திய அரசா, மாநில அரசா?

இரண்டு பேரும். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல் காமராசர் ஆட்சியில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. மத்திய அரசு 1995-ல்தான் வந்தது. அப்போது அதன் பங்கு 75 ரூபாய். அதை 2006-ல் 200 ஆக்கினார்கள். 2007-ல் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயர் வைத்தார்கள். 2011-ல் வயது வரம்பை 65-லிருந்து 60-க்கு இறக்கி, 80 வயது தாண்டியவர்களுக்கு 500 என்றார்கள். 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு அந்த 200 பல ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது.

அதற்கு மேல் கையில் வருவதெல்லாம் மாநில அரசின் பணம். தமிழ்நாட்டில் 2011 மே மாதம் ஜெயலலிதா பதவியேற்றதும் மாதத் தொகை 500-லிருந்து 1,000 ஆனது. 2023 ஆகஸ்டில் ஸ்டாலின் அரசு அதை 1,200 ஆக்கியது. மத்தியத் திட்டத்தில் பேர் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் 200-ம் இந்த 1,200-க்குள்ளேயே அடக்கம், தனியாக வராது. இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டு என்னிடம் சண்டைக்கே வந்திருக்கிறார்கள்.

உங்களுக்கு டி.ஏ. எப்படி சார் போடுறாங்க? யாராவது கேட்டு வாங்குறாங்களா?

யாரும் கேட்க வேண்டியதில்லை. மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, சேலம், குன்னூர் என்று நாடு முழுக்கப் பல தொழில் நகரங்களில் கடை விலைகளை விசாரித்து மாதாமாதம் ஒரு குறியீட்டெண் வெளியிடுகிறது. பன்னிரண்டு மாதச் சராசரியை எடுத்து, ஜனவரியிலும் ஜூலையிலும் எத்தனை சதவீதம் ஏற்ற வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். அமைச்சரவை ஒப்புதல் தருகிறது. வேலையில் இருப்பவர்களுக்கு அகவிலைப்படி, என்னைப் போன்றவர்களுக்கு அகவிலை நிவாரணம். ஊரில் எல்லாரும் டி.ஏ. என்றே சொல்கிறோம்.

சரி, அதே கணக்கை மத்திய அரசின் 200 ரூபாய்க்கும் போட்டுப் பார்ப்போம். மத்திய அரசு ஊழியர் சம்பளத்தைப் பரிந்துரைக்கும் ஆறாவது ஊதியக் குழுவின் கணக்கில், டி.ஏ. 2006 ஜனவரியில் பூஜ்யத்தில் தொடங்கி 2016 ஜனவரியில் 125 சதவீதத்துக்கு வந்தது. அப்படியென்றால் 200 ரூபாய் 450 ஆகியிருக்க வேண்டும். அப்புறம் ஏழாவது ஊதியக் குழு, அதுவரை ஏறியதைச் சம்பளத்தோடு சேர்த்துவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. 2025 ஜூலையில் 58 சதவீதம். 450-க்கு அதைச் சேர்த்தால் 711 ரூபாய். எனக்குக் கொடுத்ததைப் போலவே கொடுத்திருந்தால் 711. கொடுத்தது 200. நான் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று என் மகளிடம் கொடுத்து மறுபடியும் சரிபார்த்தேன். தப்பில்லை.

ஆயிரத்தை ஆயிரத்து இருநூறு ஆக்கினாங்களே, அது உயர்வு இல்லையா?

அந்த 200 கூடுதலாகக் கைக்கு வந்தது நிஜம். வாங்கியவர்கள் சந்தோஷப்பட்டதையும் பார்த்தேன். ஆனால் அது இழந்ததில் ஒரு பகுதிதான். மேலே சொன்ன டி.ஏ. கணக்கின்படி, 2011 மே மாதத்து 1,000 ரூபாய் 2023 ஜூலையில் சுமார் 2,175 ஆகியிருக்க வேண்டும். இன்னொரு விதமாகச் சொல்கிறேன். 2023-ல் அந்த 1,000 ரூபாயின் மதிப்பு, 2011 விலையில் பார்த்தால் சுமார் 460. அதாவது ஜெயலலிதா உயர்த்துவதற்கு முன்னால் இருந்த 500-க்கும் கீழே போய்விட்டது. இரட்டிப்பாக்கியதில் கூடிய 500 முழுவதையும் பன்னிரண்டு வருஷ விலைவாசி தின்றுவிட்டது. 1,200 ஆக்கியபோது அது 2011-ன் 550 ரூபாய்க்கு வந்து நின்றது.

இதை நான் கணக்கில் மட்டும் பார்க்கவில்லை. 2011 கோடையில், முதல் தடவை 1,000 ரூபாய் வந்த மாதம், ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பத்து நூறு ரூபாய் நோட்டுகளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கொட்டைப்பாக்கை வைத்தார். காற்றில் பறக்காமல் இருக்க. இது மளிகைக் கடை பாக்கிக்கு, இது மாத்திரைக்கு, இது மூட்டுவலித் தைலத்துக்கு, இது பேத்தி வந்தால் கையில் கொடுக்க என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசி நோட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். அது எதற்கு ஆத்தா என்றேன். "சும்மா இருக்கட்டும், தம்பி" என்றார்.

மணியார்டர் நின்று, வங்கி முகவர் கைரேகை மெஷினோடு வரும் காலம் வந்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால் அந்தத் திண்ணையில் தண்ணீர் வாங்கிக் குடித்தபோது, முந்தானை முடிச்சு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். முடிவதற்கு மிஞ்சுவதில்லை என்றார். தொகை அதே 1,000 தான்.

நீங்க முப்பது வருஷம் வேலை பார்த்தீங்க, வாங்குறீங்க. அவங்க என்ன வேலை பார்த்தாங்க?

இந்தக் கேள்வியை முதல் தடவை கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது பொறுமையாகவே சொல்கிறேன். நான் சைக்கிளில் போகும்போது வயலில் குனிந்து நாற்று நட்டவர்கள் அவர்கள்தான். களையெடுத்தவர்கள், செங்கல் சூளையில் மண் மிதித்தவர்கள், மாட்டுக் கொட்டகை கூட்டியவர்கள். பல பேர் என்னைவிட அதிக வருஷம் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு வருகைப் பதிவேடு இல்லை, பிடித்தம் இல்லை. அதனால் பென்ஷனும் இல்லை. வேலை பார்க்காததால் அல்ல, எந்தப் புத்தகத்திலும் பெயர் ஏறாததால்தான் உதவித்தொகையை நம்பி இருக்கிறார்கள்.

புத்தகத்தில் பெயர் ஏறியவர்கள் கதையும் சொல்கிறேன். மில்லிலும் கம்பெனியிலும் வேலை பார்த்து பி.எஃப். பிடித்தவர்களுக்கு 1995-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி பென்ஷன் உண்டு. அதன் குறைந்தபட்சத் தொகையை 2014 செப்டம்பரில் 1,000 என்று வைத்தார்கள். பத்து ஆண்டு தாண்டியும் அது மாறவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே பகத்சிங் கோஷியாரி தலைமையிலான நாடாளுமன்றக் குழு 3,000 ஆக்கச் சொல்லியிருந்தது. அவர்களும் டி.ஏ. கேட்டுப் பல வருஷமாகப் போராடுகிறார்கள். ஆக, உழைத்தார்களா இல்லையா என்பதை வைத்து இங்கே பிரிக்கவில்லை. ஏற்றுவதற்கு ஒரு விதி இருக்கிறவனுக்கு ஏறுகிறது, விதி இல்லாதவனுக்கு ஏறுவதில்லை.

ரேஷன் அரிசி இலவசம், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை, பஸ்ஸும் இலவசம். இதுக்கு மேல எதுக்கு?

நல்ல கேள்வி. நானே ரொம்ப நாள் இப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. ரேஷனில் கொடுப்பது கிலோ கணக்கு. அரிசி விலை இரண்டு மடங்கு ஆனாலும் கார்டுக்கு வரும் கிலோ குறையாது; விலை ஏறிய சுமையை அரசு தாங்கிக்கொள்கிறது. துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 என்று ரேஷனில் பல வருஷமாக ஒரே விலை. வெளிக்கடையில் விலை எங்கேயோ போய்விட்டது. சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்றால், டிக்கெட் விலை நாளைக்கு ஏறினாலும் பாட்டிக்கு இலவசம்தான். பொருளாகக் கொடுக்கும்போது, யாரும் பெயர் வைக்காமலே, விலைவாசிக்குத் தக்க ஏற்றம் அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாடு இதில் நன்றாகவே செய்திருக்கிறது, பெருமையாகத்தான் சொல்கிறேன்.

பணமாகக் கொடுக்கும்போது மட்டும் அந்தச் சுமை கிழவி தலையில் விழுகிறது. காய்கறி, பால், தைலம், கரண்ட், ஆட்டோ, பேரன் பேத்திக்குக் கையில் கொடுக்கும் பத்து ரூபாய் இதெல்லாம் ரேஷனில் வராது. அரிசிக்கு ஏற்றுக்கொண்ட நியாயத்தை ரூபாய்க்கும் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

எல்லாருக்கும் ஏத்தினா விலைவாசி இன்னும் ஏறிடாதா?

சம்பளம், கூலி எல்லாம் ஒட்டுமொத்தமாக ஏறும்போது அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. இது அந்த அளவு பணம் இல்லை. தவிர, விலை ஏறிய பிறகு, ஏறிய அளவுக்குத்தான் இதை ஏற்றுகிறோம். போன வருஷம் வாங்கிய அதே சாமானைத்தான் அவர்கள் வாங்கப் போகிறார்கள். எனக்கு ஜூலையில் டி.ஏ. ஏறியபோது இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பணத்துக்கு எங்க போறது? கஜானா காலின்னு சொல்றாங்களே?

மனக்கணக்காகவே போடலாம். ஒருவருக்கு மாதம் 100 ரூபாய் ஏற்றினால், ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 12 கோடி. தமிழ்நாட்டில் 30 லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டால் 360 கோடி. சின்னப் பணம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மாநில அரசுக்குக் கடனும் வட்டியும் சம்பளமும் கழுத்தைப் பிடிப்பதும் உண்மை. அதனால்தான் நான் முதலில் டெல்லியைப் பார்க்கிறேன்.

மத்திய அரசின் 2025-26 பட்ஜெட்டில், முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி என்று ஏறத்தாழ மூன்று கோடிப் பேருக்கான சமூக உதவித் திட்டத்துக்கு ஒதுக்கியது 9,652 கோடி ரூபாய். மொத்தச் செலவு 50 லட்சம் கோடிக்கு மேல். 1,000 ரூபாய் செலவு செய்தால் இதற்குப் போவது 2 ரூபாய்க்கும் கீழே. 2025 ஜூலையிலிருந்து எங்களுக்குக் கொடுத்த 3 சதவீத டி.ஏ.வுக்கு மட்டும் ஆண்டுக்கு 10,084 கோடி ஆகும் என்று அரசே சொன்னது. ஒரே ஒரு தவணை ஏற்றம், அந்த மூன்று கோடிப் பேரின் முழு ஒதுக்கீட்டைவிட அதிகம். எனக்கு வருவதை நிறுத்தச் சொல்லவில்லை; அதில் என் மருந்துச் செலவு இருக்கிறது. எனக்குக் கொடுக்க அரசிடம் பணம் இருக்கிறது, அவர்களுக்குக் கொடுக்க இல்லை என்ற பேச்சைத்தான் ஏற்க முடியவில்லை.

படிச்சவங்க யாரும் இதைக் கேட்கலையா?

கேட்டார்கள். ழான் டிரேஸ் உட்பட 60 பொருளாதார அறிஞர்கள் 2017-ல் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லிக்கு, 200-ஐக் குறைந்தது 500 ஆக்குங்கள் என்று கடிதம் எழுதினார்கள். 2022 டிசம்பரில் 51 பேர் நிர்மலா சீதாராமனுக்கு மறுபடியும் எழுதினார்கள். நாடாளுமன்றத்தின் ஊரக வளர்ச்சி நிலைக்குழுவும் பல அறிக்கைகளில் சொல்லிவிட்டது. 200-ஐக் கொண்டுவந்தது காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. அவர்கள் இருந்த காலத்திலும் விலைவாசியோடு அதைக் கட்டவில்லை, பா.ஜ.க. ஆட்சியும் கட்டவில்லை.

தேர்தல் வந்தா தானா ஏத்தப் போறாங்க, எதுக்குக் கவலை?

இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பதில். ஏனென்றால் இது உண்மை. பீகாரில் 400 ரூபாயாகவே கிடந்த தொகையை 2025 ஜூன் மாதம், தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கையில் 1,100 ஆக்குவதாக அறிவித்தார்கள். ஆந்திராவில் 2014-ல் 200-லிருந்து 1,000, 2019 தேர்தலுக்கு முன் 2,000, அப்புறம் ஜெகன் ஆட்சியில் படிப்படியாக 3,000, 2024-ல் சந்திரபாபு நாயுடு வந்ததும் 4,000. அங்கே முதியவர்களுக்கு நல்லது நடந்தது, மறுக்கவில்லை. கட்சிகளின் போட்டியால் நடந்தது.

எந்த முதல்வருக்கும் தானாக ஏறும் விதியில் பெரிய ஆசை இருக்காது. ஜூலையில் தானாக 40 ரூபாய் ஏறினால் அதற்கு மேடை கிடையாது, போஸ்டர் கிடையாது. பத்து வருஷம் ஏற்றாமல் வைத்து, ஒரே நாளில் இருநூறோ ஐந்நூறோ அறிவித்தால் நன்றி கிடைக்கும். ஆனால் நடுவில் உள்ள அந்தப் பத்து வருஷத்தை, எழுபத்தைந்து வயதில் இருப்பவர் எங்கே போய் வாங்குவார்? 2011-க்கும் 2023-க்கும் நடுவில், நான் பணம் கொடுத்த பட்டியலில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

லண்டன்ல எல்லாம் தானா ஏறுதாமே? என் மச்சான் சொல்றாரு.

பெருமளவு ஏறுகிறது, முழுக்கத் தானாக இல்லை. பிரிட்டனில் செப்டம்பர் மாதப் பணவீக்கத்தைப் பார்த்து அடுத்த ஏப்ரலில் ஏற்றுவார்கள். முதியோர் பென்ஷனுக்கு இன்னும் பலமான வாக்குறுதி உண்டு. விலைவாசி, சராசரிச் சம்பள உயர்வு, 2.5 சதவீதம் இந்த மூன்றில் எது அதிகமோ அது. ஆனால் வேலை செய்யும் வயதில் உள்ள ஏழைகளுக்கான பல உதவிகளில் அமைச்சர் கையில்தான் முடிவு. 2016 முதல் 2020 வரை நான்கு வருஷம் அவற்றை ஏற்றாமல் உறைய வைத்தார்கள்.

2022-ல் நடந்தது நமக்கும் பாடம். முந்தைய செப்டம்பர் கணக்கைப் பார்த்து ஏப்ரலில் 3.1 சதவீதம் ஏற்றினார்கள். அந்த ஏப்ரலில் விலைவாசி ஏறியிருந்தது 9 சதவீதம். அந்த இலையுதிர் காலத்தில் பிரதமரான லிஸ் டிரஸ், அடுத்த உயர்வு விலைவாசிப்படி இருக்கும் என்று உறுதி தர மறுத்தார். அவருடைய அமைச்சர் பென்னி மோர்டான்டே விலைவாசிப்படிதான் ஏற்ற வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். டிரஸ் பதவி விலகிய பிறகு, நவம்பர் 17-ல் நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் 10.1 சதவீதம் முழுவதையும் அறிவித்தார். சட்டம் எங்கே உறுதியாக இருந்ததோ அங்கே சண்டை குறைவு, அமைச்சர் விருப்பத்துக்கு எங்கே விட்டார்களோ அங்கேதான் ஏழைகள் காத்திருந்தார்கள்.

நம்ம நாட்டுல எங்கயாவது சட்டம் இருக்கா?

ராஜஸ்தானில் 2023-ல் அசோக் கெலாட் ஆட்சி குறைந்தபட்ச வருமான உத்தரவாதச் சட்டம் கொண்டுவந்தது. பென்ஷன் குறைந்தது 1,000. ஜூலையில் 5 சதவீதம், ஜனவரியில் 10 சதவீதம் தானாக ஏற வேண்டும். இது விலைவாசியோடு கட்டிய விதி அல்ல, நிலையான சதவீதம். ஆனாலும் யாரிடமும் கெஞ்சாமல் ஏறும் ஏற்பாடு. ஆட்சி மாறிய பிறகு 1,150, அடுத்து 1,250 என்று அறிவித்தார்கள். 1,150-லிருந்து 1,250 என்பது 15 சதவீதம் இல்லை என்பதைக் கவனியுங்கள். சட்டம் எழுதினால் மட்டும் போதாது, பிறகும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

நூறு நாள் வேலையை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அந்தக் கூலியை விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டைப் பார்த்து வருஷா வருஷம் மாற்றி அறிவித்தார்கள். தமிழ்நாட்டுக்கு 2024-25-ல் 319, 2025-26-ல் 336. போதாது என்று குறை சொல்லலாம், ஆனால் நின்றுபோகவில்லை. அதே வீட்டில் மருமகள் கூலிக்கு விலைவாசிக் கணக்கு இருந்தது, மாமியார் உதவித்தொகைக்கு இல்லை.

பணவீக்கம் குறைஞ்சிடுச்சுன்னு டி.வி.ல சொல்றாங்களே. அப்ப தொகையும் குறையுமா?

2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு இறங்கியது. அதற்கு அர்த்தம், போன வருஷ விலையைவிடக் கால் சதவீதம்தான் அதிகம் என்பது. பத்து வருஷத்தில் ஏறியது எதுவும் இறங்கிவிடவில்லை. நம் முதியவர்கள் இழந்தது அந்தப் பத்து வருஷத்தில்தான்.

விலை நிஜமாகவே இறங்கினால்? அமெரிக்காவில் விலை ஏறாத ஆண்டுகளில் பென்ஷனை அப்படியே விட்டார்கள், குறைக்கவில்லை. விதி எழுதும்போதே, ஏறலாம், இறங்கக் கூடாது என்று ஒரு வரி போட்டால் போதும்.

விதி இருந்தாலும் நிறுத்திட முடியாதா?

முடியும். கொரோனா காலத்தில் 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை எங்கள் டி.ஏ. 17 சதவீதத்திலேயே நின்றது. 2021 ஜூலையில் ஒரேயடியாக 28 ஆக்கினார்கள். நடுவில் நின்ற மாதங்களின் பாக்கி வரவில்லை. ஆனால் நிறுத்தியதற்கு உத்தரவு போட்டு, காரணம் சொல்ல வேண்டியிருந்தது. பத்திரிகையில் வந்தது, சங்கங்கள் கேள்வி கேட்டன, கணக்கு பழைய இடத்திலிருந்தே தொடர்ந்தது. 200 ரூபாய் நின்றுபோனதற்கு எந்த நாளிலும் எந்த உத்தரவும் போடப்படவில்லை.

எந்த விலையை வெச்சு ஏத்துறது? எங்க ஊரு விலை வேற, மெட்ராஸ் விலை வேற.

சரியான சந்தேகம். எனக்குப் போடும் கணக்கு தொழிற்சாலைத் தொழிலாளர் குடும்பத்தின் செலவை வைத்தது. விவசாயத் தொழிலாளர் குறியீடு கிராமத்துக்கு நெருக்கம். ஆனால் அதன் அடிப்படை ஆண்டு பல பத்தாண்டுகள் 1986-87 ஆகவே இருந்தது. முதியவர்கள் செலவில் மருந்து அதிகம், பள்ளிக் கட்டணம் இல்லை. எதை எடுத்தாலும் கொஞ்சம் தப்பு வரும். ஆனால் எந்தக் குறியீட்டை எடுத்தாலும் 200 என்ற பதில் வராது. என் விருப்பம், இருக்கும் கிராமப்புறக் குறியீட்டை எடுத்துக்கொண்டு உடனே தொடங்குவது.

தொகையை ஏத்தினா பேரை அடிச்சிடுவாங்களே?

இந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒதுக்கீடு ஏறாமல் தொகை மட்டும் ஏறினால், தலைகளைக் குறைக்கத் தோன்றும். சரிபார்ப்பு என்ற பெயரில் உயிரோடு இருப்பவரின் பேரை நீக்கிய பட்டியலை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கைரேகை தேய்ந்து மெஷினில் விழாததால் மூன்று மாதம் பணம் வராமல் போன ஒரு தாத்தாவைச் சைக்கிளில் உட்கார வைத்து அழைத்துப் போயிருக்கிறேன்.

அதனால், என்னிடம் மனு எழுத வருபவர்களுக்கு இப்போதெல்லாம் இரண்டையும் ஒரே தாளில்தான் எழுதித் தருகிறேன். முதலாவது, தொகையை ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டுப்படி ஏற்ற வேண்டும். இரண்டாவது, தகுதியுள்ள ஒருவர் பேரையும் நேரில் விசாரிக்காமல் நீக்கக் கூடாது. மனுவின் நகலில் வாங்கிய தேதியோடு முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். அதை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.